மூன்று பன்னிரண்டுக்குத் தட்டாத கதவு

அத்தியாயம் 4

ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் போலீஸில் புகார் என்று எழுதியிருந்த காகிதத்தின் மேல்தான் கன்னியப்பன் மசால்வடையை வைத்திருந்தார். மணி அப்போது ஒன்றரை.

"எண்ணெய் ஊறுதுண்ணா," என்றாள் மோகனப்பிரியா.

"ஊறட்டும் மேடம். அதுல எழுதிகிறதவிட எண்ணெ சுத்தம்."

அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது மோகனப்பிரியாவின் துப்பறியும் நிலையம். படி ஏறுகிறவர்களை எண்ணுவது கீழே கடை வைத்திருக்கிற எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு ஏறினால் கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்கதை உண்டா. முகத்தை மூடாமல் ஏறினால் ஆட்டோவுக்கு வழி கேட்க வந்தவர்கள். மோகனப்பிரியாவுக்கு நாற்பத்து மூன்று வயது, சேலத்துப் பெண். ஏன் தனியாக இருக்கிறாள் என்பதற்கு எங்கள் வரிசையில் நான்கு கதைகள் உலவுகின்றன. நான்கும் பொய் என்று கன்னியப்பன் சத்தியம் செய்கிறார். அவர் சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்பது வேறு விஷயம். கோவில்பதாகைக்காரர், ஷேர் ஆட்டோ ஓட்டியவர், இப்போது உதவித் துப்பறிவாளர். சம்பளம் கிடைக்கிற மாதிரி தெரியவில்லை, வடை கிடைக்கிறது.

அன்றைக்கு முகத்தை மூடாமல் ஏறியவள் அகல்யா. இருபத்தேழு வயது, அம்மாவோடு முத்தாபுதுப்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறாள். எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர், அதாவது மற்றவர்கள் கட்டிய இணையதளத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. ஐந்து நாளாக வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

விவகாரம் இதுதான். பூந்தமல்லிப் பக்கம் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை. அங்கே டயாலிசிஸுக்கு நேரம் பதிவு செய்கிற இணையதளம் இவர்கள் கம்பெனி கட்டியது. போன வியாழக்கிழமை மதியம் மூன்று பன்னிரண்டுக்கு அகல்யாவின் பெயரில் யாரோ உள்ளே நுழைந்து, நான்கே நிமிடத்தில் பத்தொன்பது நோயாளிகளின் நேரத்தை ரத்து செய்துவிட்டார்கள். பதினெட்டுப் பேர் எங்கெங்கோ அலைந்து சமாளித்துவிட்டார்கள். பத்தொன்பதாவது ஆள் வரதன், அறுபத்தொரு வயது, லேத் பட்டறையில் இருந்தவர். சனிக்கிழமையிலிருந்து அவருக்கு இயந்திரம்தான் மூச்சு விடுகிறது.

கம்பெனி கொடுத்த காகிதத்தில், எல்லாம் என் அலட்சியம், வேலையை விடுகிறேன் என்று அகல்யா ஒப்புக்கொள்ள வேண்டுமாம். ஒப்புக்கொண்டால் போலீஸ் இல்லை.

"கையெழுத்துப் போட்டா தப்பிச்சிடலாமா மேடம்?" என்று கேட்டாள் அகல்யா.

"நாளைக்கு வரதன் குடும்பம் போலீஸுக்குப் போனா, கம்பெனி முதல்ல நீட்டுறது இந்தக் காகிதத்தைத்தான். கையெழுத்து இல்லாம ஜெயிக்க என்ன வழின்னு பாப்போம். தினமும் நீ என்ன செய்வே, முதல்லேருந்து சொல்லு."

"நான் எதுவும் செய்ய மாட்டேன் மேடம். ஸ்கிரிப்ட் செய்யும்."

ஒவ்வொரு நாளும் மூன்று பன்னிரண்டுக்கு ஒரு நிரல் தானாக விழித்துக்கொள்ளும். உலாவியைத் திறக்கும். அகல்யாவின் பெயரைப் போடும், பாஸ்வேர்டைப் போடும், உள்ளே போகும். கண்ணில் படுகிற பதிவுகளை எல்லாம் ரத்து செய்து, ரத்து ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வரும். எல்லாம் நகல் தளத்தில். அங்கே இருக்கிற நோயாளிகள் எல்லாம் பொய் நோயாளிகள்.

"அப்ப மிஷினு ஒம் வேஷம் கட்டிகினு போவுது," என்றார் கன்னியப்பன்.

"ஆமாண்ணா. ஆனா ஓ.டி.பி. கேக்குற இடத்துல நின்னுடும். அந்த ஆறு நம்பர் போன்லதான வரும். எங்க போனையெல்லாம் கேட்லயே லாக்கர்ல வாங்கி வெச்சுக்குவாங்க. அதனால டெஸ்டர்ஸ் எல்லாருக்கும் ஒரே சிம். அது ஒரு பட்டன் போன்ல, பேன்ட்ரியில நாகம்மா அக்காகிட்ட இருக்கும். டீ குடுக்கிற ஜன்னல் வழியா அக்கா நம்பரைச் சத்தமா சொல்வாங்க. நாங்க அடிப்போம்."

கன்னியப்பன் வடையைக் கீழே வைத்தார். "இதுக்குப் பேரு தானா ஓட்றதா?"

"அப்படித்தான் கிளையன்ட்கிட்ட சொல்லியிருக்காங்க."

"நாகம்மா லீவு போட்டா கம்ப்யூட்டரும் லீவா?"

அகல்யா சிரிக்கவில்லை. மோகனப்பிரியா எண்ணெய்க் கறையைத் துடைத்துவிட்டுக் காகிதத்தின் இணைப்பைப் புரட்டினாள். யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள் என்கிற பட்டியல். விசாரணை அறிக்கையை எழுதியவர் அகல்யாவின் மேலாளர் தினேஷ். அறிக்கையில் தினேஷ் என்கிற பெயர் ஒரே ஓரிடத்தில் வருகிறது, அதுவும் நல்லவராக: 'வியாழன் காலை 11.01க்கு மேலாளர் தொலைபேசியில் நலம் விசாரித்தபோதும் ஊழியர் எதையும் தெரிவிக்கவில்லை.'

"வியாழக்கிழமை நீ லீவா?"

"அம்மாவுக்குக் கண் டெஸ்ட். ஆவடியில. பதினொன்னு பத்துக்கு டோக்கன், சீட்டு வெச்சிருக்கேன். லேப்டாப் ஆபீஸ் டிராயர்ல இருந்துச்சு."

மோகனப்பிரியா பென்சிலை எடுத்தாள். எங்கள் வரிசையில் எல்லோருக்கும் தெரியும், அவள் பென்சிலை எடுத்தால் யாருக்கோ கல்யாணம் நிற்கப் போகிறது என்று.

"இதைப் பாருங்கண்ணா. எழுபது நாளா அகல்யா பேர்ல நுழைஞ்சிருக்காங்க. பாஸ்வேர்டு பதினாலு எழுத்து. எழுபது நாள்ல ஒரு தடவைகூடத் தப்பா அடிக்கலை. நான் என் பேரையே மூணுல ஒரு தடவை தப்பா எழுதுறேன். அதெல்லாம் மிஷின். இப்ப வியாழக்கிழமை காலையைப் பாருங்க. பதினொன்னு நாலுக்குத் தப்பு. பதினொன்னு அஞ்சுக்குத் தப்பு. ஆறுக்குத்தான் சரி. நகல் தளமும் இல்லை, நிஜத் தளம். ஆபீஸுக்குள்ள இருந்து."

"விரலு," என்றார் கன்னியப்பன்.

"மனுஷ விரல். பாஸ்வேர்டு மனப்பாடமா தெரியாத விரல். ஏம்மா, உன் பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

"ஸ்கிரிப்ட்லயே எழுதித்தான் இருக்கும் மேடம். டீம்ல யார் திறந்தாலும் தெரியும்."

"பூட்ட போட்டு சாவிய அதுலயே தொங்க வுட்டுகிறீங்க," என்றார் கன்னியப்பன். "படிச்ச புள்ளைங்க."

மோகனப்பிரியா அடுத்த வரியில் பென்சிலை நிறுத்தினாள். "இதான் எனக்குப் புடிச்ச வரி. தினமும் மூணு பன்னெண்டுக்கு ஓ.டி.பி. போயிருக்கு. வியாழக்கிழமை மூணு பன்னெண்டுக்கு மட்டும் போகலை. கதவைத் தட்டாமலே உள்ள போயிருக்கு. எப்படி?"

அகல்யா சொன்னாள். "ஒரு தடவை உள்ள போனா, அந்த நிலையை ஒரு ஃபைல்ல சேமிச்சு வைக்கலாம் மேடம். எந்தத் தளம்கிறதும் அதுலயே இருக்கும். அன்னைக்கு முழுக்க அந்த ஃபைலைக் காட்டினா போதும், பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எதுவும் கேக்காது. ராத்திரி அதுவா காலாவதி ஆயிடும். ஸ்கிரிப்ட் முதல்ல ஃபைல் இருக்கான்னுதான் பாக்கும்."

"கல்யாண மண்டபத்துல கையில சந்தனம் இருந்தா பந்தியில எவனும் நீ யாரூட்டு ஆளுன்னு கேக்க மாட்டான்," என்றார் கன்னியப்பன். "அதானே?"

"அதேதாண்ணா."

"அப்ப காலையில எவனோ ஒம் பேர்ல நிஜக் கல்யாணத்துக்குள்ள போயி சந்தனம் பூசிகினு, அந்தக் கைய மிஷினுக்கு மாட்டி வுட்டுட்டான். மதியம் மிஷினு பொய் கல்யாணம்னு நெனச்சிகினு நிஜப் பந்தில பூந்து இலைய எடுத்துடுச்சி."

மோகனப்பிரியா அவரைப் பார்த்தாள். உதவியாளர்கள் இப்படிச் சட்டென்று புத்திசாலி ஆகிவிடுவது முதலாளிகளுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

"அப்ப ஒரே கேள்விதான் பாக்கி," என்றாள். "காலையில பதினொன்னு ஆறுக்கு அந்த ஆறு நம்பரை நாகம்மா யாருக்குச் சொன்னாங்க?"

அகல்யா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். "அக்காவை இதுல இழுக்க வேண்டாம் மேடம். பாவம். வேலை போயிடும். வேற வழி இருந்தா பாருங்களேன்."

அடுத்தவள் வேலைக்காகக் கவலைப்படுகிற பெண் என்று மோகனப்பிரியா மனம் இளகினாள். மாப்பிள்ளைகள் விஷயத்தில் ஒருநாளும் இளகாத மனம்; இளகுவதற்கு இந்த நாளைத் தேர்ந்தெடுத்தது.

கம்பெனி வாசலில் காவலாளி சொன்ன தகவல்: நாகம்மா சனிக்கிழமை கால் பிசகி, வீட்டில் இருக்கிறாள். போன்? அதுவும் அவளோடு போய்விட்டது. கேட்க யாருக்கும் தோன்றவில்லை. வீடு கோவில்பதாகை.

"நம்ம சம்பந்தி ஊட்டு ஆளுதான்," என்றார் கன்னியப்பன், ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டே. கோவில்பதாகையில் அவருக்குச் சம்பந்தி இல்லாத வீடு எது என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

திருமுல்லைவாயிலில் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே நின்றது. ஆவடியில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். மணி மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, புதிய அடுக்கு மாடிகளுக்கு நடுவே சிமென்ட் ஷீட் போட்ட ஒரு வீட்டின் முன் ஆட்டோ நின்றது. நாகம்மா கட்டிலில் காலை நீட்டியிருந்தாள். ஐம்பத்தைந்து வயது. கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் பட்டன் போன்.

"இன்னாடா கன்னியப்பா, சாவுக்குக்கூட வர மாட்டே, சுளுக்குக்கு வந்துகீறே," என்றாள். பிறகு பின்னால் வந்தவளைப் பார்த்து முகம் மாறியது. "வா கண்ணு. இன்னா இப்டி எளைச்சிப் போய்ட்டே. சாப்ட்டியா?"

"ஆச்சுக்கா," என்றாள் அகல்யா. ஆகவில்லை என்பது யாருக்கும் தெரிந்திருக்கும்.

மோகனப்பிரியா விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாகம்மாவின் மார்பில் போன் கீச்சென்றது. மணி மூன்று பன்னிரண்டு. நாகம்மா பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆபீஸ் நம்பரை அழுத்தினாள்.

"ரெண்டு, ஏழு, ஏழு, பூஜ்யம், நாலு, ஒன்னு. எழுதிகினியா நைனா? சரி, வெச்சிடறேன்."

"நாகம்மாவுக்கும் வொர்க் ஃப்ரம் ஹோமு," என்றார் கன்னியப்பன்.

மோகனப்பிரியா போனை வாங்கிப் பார்த்தாள். செய்தியில் அகல்யாவின் பெயர் இருந்தது. "நீ இங்க உக்காந்திருக்கே. உன்னை வேலையை விட்டு நிறுத்தி அஞ்சு நாளாச்சு. இந்த நிமிஷம் ஆபீஸ்ல நீ உள்ள போயிட்டே. உன் பேர்ல நுழைஞ்சா அது நீதான்னு அவங்க எழுதியிருக்காங்களே, அந்த வரி இப்ப செத்துப்போச்சு."

அகல்யாவின் முகத்தில் அந்த வாரத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது என்று கன்னியப்பன் பிற்பாடு எங்களிடம் சொன்னார். அது சந்தோஷம் என்று நினைத்தாராம்.

"இப்ப வியாழக்கிழமைக்கு வருவோம்க்கா," என்றாள் மோகனப்பிரியா. "காலையில பதினொன்னு ஆறுக்கு ஒரு நம்பர் வந்திருக்கு. இதோ இருக்கு, நிஜத் தளம்னே போட்டிருக்கு. அதை யாருக்குச் சொன்னீங்க?"

நாகம்மா அகல்யாவைப் பார்த்தாள். அகல்யா தரையைப் பார்த்தாள்.

"ஜன்னலாண்ட சொன்னேன்."

"ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரு?"

"அது இத்தினியூண்டு ஜன்னலும்மா. டம்ளரு போற அளவுக்குதான். நானு கையத்தான் பாப்பேன். மோதிரம் போட்ட கை தினேஷ் சாரு, மருதாணி போட்ட கை இன்னோரு பொண்ணு, நகம் கடிச்ச கை அகல்யா."

"அன்னைக்கு எந்தக் கை?"

"கையே இல்ல. அப்பதான் டீ குட்த்து முடிச்சிகிறேன். ஜன்னல் காலி. போன் வந்துச்சி, சத்தமா சொன்னேன், அந்தப் பக்கம் யாரோ டக்கு டக்குன்னு அடிச்சாங்க. அவ்ளோதான்."

"யாரு கேட்டான்னு தெரியாம எப்படிச் சொன்னீங்க? மூணு பன்னெண்டு நம்பரைத் தவிர வேற நேரத்துல வர்றதை, சம்பந்தப்பட்ட ஆள் கேக்காம நீங்க யாருக்கும் சொல்ல மாட்டீங்கன்னு ஆட்டோவுல இந்தப் பொண்ணே சொல்லுச்சு."

"சொல்ல மாட்டேன்தான். அதான் இந்தப் பொண்ணே போன் பண்ணுச்சே."

கன்னியப்பனின் கை சட்டைப் பையில் பீடியைத் தேடிக்கொண்டிருந்தது. அங்கேயே நின்றது.

மோகனப்பிரியா போனில் அழைப்புப் பட்டியலைத் திறந்தாள். டீக்காரப் போனுக்கு யார் கூப்பிடப் போகிறார்கள். பட்டியலில் மொத்தம் ஆறே அழைப்புகள். மேலிருந்து மூன்றாவது: அகல்யா. வியாழன், காலை 11.03. நாற்பது விநாடி.

வெளியே எங்கோ போர்வெல் போடுகிற இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"சொல்லும்மா," என்றாள் மோகனப்பிரியா.

"தினேஷ் சார் கூப்பிட்டார் மேடம். பதினொன்னு ஒண்ணுக்கு. கிளையன்ட்டுக்கு நிஜத் தளத்துல காட்டணும், ரத்து செய்யற அனுமதி உன் லாகின்ல மட்டும்தான் இருக்கு, பத்து நிமிஷம்தான்னார். டாக்டரைப் பாக்குறதுக்கு முன்னாடி அம்மா கண்ணுல சொட்டு மருந்து விட்டிருந்தாங்க, கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். சரின்னுட்டேன். அக்காவுக்குப் போன் போட்டு, இப்ப ஒண்ணு வரும், சத்தமா சொல்லிடுங்கன்னேன்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"வெள்ளிக்கிழமை அவர்தான் சொன்னார். நீ போன் போட்டதை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதே, நான் பாத்துக்கறேன்னு. திங்கக்கிழமை இந்தக் காகிதம் வந்துச்சு. அதுக்கப்புறம் சொன்னா யாரு நம்புவாங்க."

பார்த்துக்கொண்டிருக்கிறார், உண்மைதான். நன்றாகவே பார்த்துக்கொண்டிருக்கிறார். பதினொன்று ஒன்றுக்கு அவர் கூப்பிட்டதற்குச் சாட்சி இருக்கிறது. அறிக்கையில் அவரே எழுதிவிட்டார், நலம் விசாரிக்க என்று. பட்டியலில் தினேஷின் விரல் இரண்டு தடவை தவறியிருக்கிறது. ஆனால் தவறின விரலில் பெயர் எழுதியிருப்பதில்லை. ஜன்னலில் கை இல்லை. மோகனப்பிரியா அம்பத்தூரிலிருந்து துரத்திக்கொண்டு வந்த ஒரே துப்பு இப்போது அவள் உள்ளங்கையில் இருக்கிறது, அதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது.

"இத்த அழிச்சிடட்டா?" என்றாள் நாகம்மா. "பட்டன் கீது. ஒரு அமுக்கு."

"போன் கம்பெனிக்காரங்ககிட்ட கணக்கு இருக்கும்க்கா. அழிச்சா அதுக்கும் சேத்துக் கேப்பாங்க."

"அப்ப மோதிரக் கையப் பாத்தேன்னு சொல்லிடறேன். ஸ்டேஷன்லயும் சொல்றேன். எனுக்கின்னா போவுது."

மோகனப்பிரியா போனை நாகம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாள். பத்து வருடத் தொழிலில் இதைவிடப் பெரிய பொய்களை விசாரணை அறிக்கை என்று தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறாள் என்பது எங்கள் வரிசையின் தாழ்மையான அபிப்பிராயம். ஜன்னலைப் பார்த்தாள், நாகம்மாவின் வீங்கிய காலைப் பார்த்தாள்.

"எந்த விரல்ல மோதிரம், என்ன கல்லு, எத்தனை நிமிஷம் நின்னாருன்னு கேப்பாங்கக்கா. அன்னைக்கு அவர் டீ குடிச்சாரான்னு கேப்பாங்க. கேமரா இருக்கும். மூணாவது கேள்வியில நீங்களும் இந்தப் பொண்ணோட உள்ள போயிடுவீங்க."

"வேணாம்க்கா," என்றாள் அகல்யா. "கேட்டது நான்தானே."

"நீ கேட்டது நம்பர. ஆளுங்கள சாவடிக்கவா கேட்டே," என்றார் கன்னியப்பன். "மேடம், அந்த மோதிரக்காரன நான் நேர்ல பாத்து ஒரு நலம் விசாரிக்கட்டா?"

"விசாரிச்சா அதையும் அறிக்கையில எழுதுவார்ணா."

நாலரை மணிக்கு அகல்யா மருத்துவமனைக்குப் போன் போட்டாள். தினமும் போடுவாளாம், வரதனின் அண்ணன் மகள் என்று சொல்லிக்கொண்டு. அப்படியேதான் இருக்கிறார் என்றார்கள். கண் திறந்தாரா என்று கேட்டாள். இல்லை. யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்டாள். மகள் இருக்கிறாள், பேசுகிறீர்களா என்றார்கள். வைத்துவிட்டாள்.

நாலு நாற்பதுக்கு அவளுடைய செல்போனில் ஓர் இணைப்பு வந்தது. கம்பெனியின் மனிதவளப் பிரிவு. காகிதம் பழைய காலம். திரையிலேயே கையெழுத்துப் போடலாம். அடியில் ஒரு வரி: இதில் இருப்பவை அனைத்தும் உண்மை என ஒப்புக்கொள்கிறேன்.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கு," என்றாள் மோகனப்பிரியா. "வக்கீல் ஒருத்தர் இருக்கார் பூந்தமல்லியில. அவர்கிட்ட பேசலாம். தினேஷ் பேர் வராட்டியும், பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியுங்கிறதை வெச்சு கொஞ்ச நாள் இழுக்கலாம்."

"இழுத்தா அக்காவை ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவாங்களா?"

மோகனப்பிரியா பொய் சொல்லியிருக்கலாம். "முதல்ல அவங்களைத்தான்," என்றாள்.

அகல்யா தலையை ஆட்டினாள். திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள், ஒரு வரியையும் படிக்கவில்லை. நாகம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். கன்னியப்பன் அவள் தோளில் கை வைத்தார்.

போன் நடுங்கியது. ஆறு எண்கள், அகல்யாவின் சொந்த நம்பருக்கு. எழுபது நாளும் அந்த எண்களை யாரோ உரக்கச் சொல்ல, யாரோ அடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அவள் யாருக்கும் சொல்லாமல், ஒவ்வொன்றாகத் தானே அடித்தாள்.

திரையில் ஒரு பச்சை டிக் சுழன்று நின்றது.

நன்றி, அகல்யா. நீங்கள்தான் என்பது உறுதி செய்யப்பட்டது.